நாற்பத்திரண்டு நாள் நின்ற பந்து

உயிர்ப்பு ஞாயிறு மாலை ஐந்தே முக்காலுக்குப் புத்தாழித்துறைக் கடற்கரை மைதானத்தில் கிளீட்டஸ் அடித்த பந்து மேலே போனது, மேலே போய் இரண்டு தென்னை உயரத்தில் நின்றது, நின்ற பந்து அடுத்த நாற்பத்திரண்டு நாட்களுக்கு இறங்கவில்லை.

ஏன் நின்றது என்பதற்குப் பிற்பாடு ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஆனால் அது நின்ற நொடியை யாரும் பார்க்கவில்லை என்பதை மட்டும் எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். நெடும்பாறை அணியோடு கோப்பைக்கான இறுதி ஆட்டம், இரண்டு பக்கமும் ஒவ்வொரு கோல், எண்பத்தொன்பதாவது நிமிடம். நெடும்பாறை கோல்கீப்பர் ததேயு கம்பத்தை விட்டுப் பத்தடி முன்னே வந்து நிற்பதைப் பார்த்த கிளீட்டஸ், தன்னிடம் வந்த பந்தை நிறுத்தாமலே இடது காலால் கிள்ளித் தூக்கினான். அது எழுந்த அழகைக் கண்டு மணல்மேட்டில் உட்கார்ந்திருந்த லீனஸ் இரண்டு கையையும் விரித்து எழுந்து, "மரடோனாடே!" என்று கத்தினார். "மரடோனாவா? ஓய், கண்ணு தெரியாதா உனக்கு, இது பெலேக்க அடி!" என்று பின்னாலிருந்து பத்றோஸ் கத்தினார். "ரெண்டும் இல்ல பெருசு, மெஸ்ஸி," என்றது வேப்பமரத்துக் கிளையிலிருந்து ஒரு குரல். "ரொனால்டோ!" என்றது அடுத்த கிளை. மூவாயிரம் பேரும் பந்திலிருந்து முகத்தை எடுத்துப் பக்கத்திலிருப்பவன் முகத்துக்கு நேரே கொண்டுபோனார்கள், சட்டையைப் பிடித்தார்கள், விட்டார்கள், மறுபடி பிடித்தார்கள். எல்லாம் முடிந்து திரும்பிப் பார்த்தபோது பந்து இறங்காமல் வானத்தில் நின்றது.

"காத்து பிடிச்சிருக்கும்," என்றார் ஒருவர்.

"இப்ப எறங்கும்," என்றார் இன்னொருவர்.

கோயில் மணி ஆறு அடித்தது. எல்லாரும் எழுந்து சிலுவை போட்டு மூவேளைச் செபம் சொன்னார்கள், சொல்லி முடித்து அண்ணாந்து பார்த்தார்கள், நின்றது. மார்த்தாண்டத்திலிருந்து நடுவராக வந்திருந்த அல்போன்ஸ் மாஸ்டர் விசிலை உதட்டில் வைத்தபடியே கொஞ்ச நேரம் யோசித்தார். பந்து கோலுக்குள் போகவில்லை, கோட்டைத் தாண்டவில்லை, யாரும் தப்பாட்டம் ஆடியதாகவும் இல்லை. எனவே அவர் கைக்கடிகாரத்தை நிறுத்தி, சட்டைப்பையிலிருந்த தாளில், "ஆட்டம் நடந்துகொண்டிருக்கிறது" என்று எழுதிக்கொண்டு கடைசிப் பஸ்ஸுக்குப் போனார். மற்றவர்கள் சோறு தின்னப் போனார்கள்.

ஒரு வாரத்துக்குள் ஊர் அதற்குப் பழகிவிட்டது. கடலுக்குப் போகிறவர்கள் கரையிலுள்ள இரண்டு அடையாளங்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்துத்தான் மீன் கிடக்கும் பாறையின் இடத்தைக் குறித்துவைப்பார்கள், அதற்குக் கணியம் என்று பெயர். இதுநாள்வரை கோயில் கோபுரத்தையும் பின்னாலுள்ள மலையையும் சேர்த்துக் கணியம் வைத்தவர்கள், இப்போது கோபுரத்தையும் பந்தையும் சேர்த்து வைத்தார்கள், ஒரு கிழவர் அந்தக் கணியத்தில் இதுவரை யாரும் காணாத ஒரு கலவாய் மீன் பாறையைக் கண்டுபிடித்து அதற்குப் பந்துப்பாறை என்று பெயரிட்டார். கோடை மழை பெய்தபோது பந்துக்கு நேர் கீழே ஒரு முறம் அளவு மணல் நனையாமல் இருந்தது, அந்த முறம் அளவு இடத்தில் பெண்கள் முறை வைத்து நெத்திலி காயப்போட்டார்கள். ஒரு பருந்து இரண்டு நாள் அதன்மேல் உட்கார்ந்து பார்த்து, வழுக்குவதால் விட்டுவிட்டது. காவல் நிலையத்திலிருந்து வந்த ஏட்டு அண்ணாந்து பார்த்து, "யாரும் புகார் குடுத்திருக்கியளா?" என்று கேட்டார், இல்லையென்றதும் தேநீர் குடித்துவிட்டுப் போனார். பங்குத் தந்தை மூன்று ஞாயிறு மறையுரையில் பந்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் கவனமாக இருந்தார், நான்காவது ஞாயிறு, "நம் ஊரில் மேலே பார்ப்பவர்களின் எண்ணிக்கை கூடியிருப்பது நல்லதுதான்," என்று மட்டும் சொன்னார்.

ஆட்டம் முடியவில்லை, அதனால் யாரும் தோற்றுப்போனதாகவும் ஆகிவிடக் கூடாது என்பதற்காக இரண்டு ஊர்க் கமிட்டியும் சேர்ந்து ஒரு விதி செய்தார்கள். ஒவ்வொரு ஞாயிறும் இரண்டாம் பூசை முடிந்ததும் இருபத்திரண்டு பேரும் ஜெர்சி போட்டுக்கொண்டு வந்து, பந்து எழுந்தபோது அவரவர் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். நடுவர்களும் நிற்க வேண்டும். பந்து எப்போது வேண்டுமானாலும் இறங்கலாம், இறங்கும்போது ஆள் இல்லையென்றால் அது ஆட்டமே ஆகாது. மதியச் சாப்பாட்டு நேரம்வரை நின்றுவிட்டுக் கலைவார்கள்.

எத்தனை நேரம்தான் சும்மா நிற்பது? இரண்டாம் ஞாயிறே திருவிழா மைக்செட்டைக் கொண்டுவந்து மணல்மேட்டில் வைத்தார்கள். பந்து ஏன் நிற்கிறது என்பது லீனஸுக்குத் தெரிந்திருந்தது. "அது எறங்காம நிக்கதுக்கு ஒரே காரணந்தான். இந்த அடிய அடிச்சது ஆருக்க காலுன்னு நாம இன்னும் தீர்மானிக்கல்ல. உலகத்துல பெரிய ஆட்டக்காரன் ஆருன்னு இந்த ஊரு ஒரே வாயால சொல்லட்டு, அது எறங்கும்." பத்றோஸ் லீனஸ் சொன்ன எதையும் நாற்பது வருடமாக ஒத்துக்கொண்டதில்லை, இதை மட்டும் ஒத்துக்கொண்டார். அன்றிலிருந்து அந்த வாக்குவாதம் ஊருக்கு ஒரு கடமையாயிற்று.

பத்றோஸ் எழுபத்தேழில் கல்கத்தாத் துறைமுகத்தில் கப்பல் வேலையில் இருந்தவர். பெலே அங்கே வந்து ஆடியதை மரத்தில் ஏறி நின்று பார்த்ததாகச் சொல்வார். "மழையும் சேறும். கண்டதெல்லாம் பத்தாம் நம்பர் முதுகு ஒண்ணுதான். ஆனா அந்த முதுகக் கண்டவன் இந்தக் கரையில நான் ஒருத்தன்தான் இருக்கேன், கேட்டியளா? மத்தவங்க எல்லாம் பெட்டிக்குள்ள கண்டவங்க." லீனஸ் எண்பத்தாறில் பங்கு வாசகசாலையின் ஒரே தொலைக்காட்சிக்கு முன்னால் முழங்காலிட்டு மரடோனாவைப் பார்த்தவர். "ஆறு பேர வெட்டிட்டுப் போனான். நான் எண்ணினேன். ஆறு." மெஸ்ஸிக்காரர்களும் ரொனால்டோக்காரர்களும் இளவட்டங்கள், கைப்பேசியில் படம் போட்டுக் காட்டிப் பேசினார்கள். பெண் வீடு மெஸ்ஸி, மாப்பிள்ளை வீடு ரொனால்டோ என்று ஒரு கல்யாணம் தள்ளிப்போனது. மூங்கில் கழியில் கோடு போட்டுப் பந்தின் உயரத்தை அளந்த பத்றோஸின் ஆட்கள், அவர் பேசிய அரைமணி நேரத்தில் பந்து நாலு விரல் தாழ்ந்ததாகச் சொன்னார்கள். கழியின் அடியில் மணலைக் கூட்டி வைத்திருப்பதை லீனஸின் ஆட்கள் கண்டுபிடித்தார்கள். நெடும்பாறைக்காரன் ததேயு கோல் கம்பத்துக்குள் நின்றபடியே ஒருமுறை கத்தினான்: "இத்தன பேரு சொல்லுதிய, ஒரு கோல்கீப்பர் பேரு வந்துதா ஒங்க வாயில?" எல்லாரும் ஒருமுறை அவனைத் திரும்பிப் பார்த்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள்.

இவ்வளவுக்கும் நடுவே, மைதானத்தின் கிழக்குப் பக்கக் கோட்டில், கும்மாயச் சுண்ணாம்புப் பொடி போட்ட அந்த வெள்ளைக் கோட்டுக்கு ஒரு சாண் வெளியே, மஞ்சள் கொடியைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு பெனிட்டா நின்றாள்.

பெனிட்டாவுக்கு இருபத்துமூன்று வயது. மீன் விற்கும் எலிசாவின் மகள், எலிசாவின் அண்ணன் லீனஸுக்கு மருமகள். அந்த வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போய் உடற்கல்வியில் பட்டம் வாங்கியவள், பட்டச் சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருப்பவள், சரியாகப் பூட்டினோமா என்று ஒரு கதவை மூன்றுமுறை போய்ப் பார்ப்பவள். நடுவர் தேர்வு எழுத மூன்று ஆட்டங்களில் கொடி பிடித்திருக்க வேண்டும், இது மூன்றாவது. வழக்கமாகக் கொடி பிடிப்பவர் ஆழ்கடலுக்குப் போயிருந்ததால் அல்போன்ஸ் மாஸ்டர் அவளைக் கேட்டார். அவள் கோட்டருகே வந்து நின்றபோதே, "பொம்பளையா லைன்ஸ்மேன்?" என்று மணல்மேடு சிரித்தது. முதல் பாதியில் கிளீட்டஸ் ஆஃப்சைடில் நின்றான், அவள் கொடியைத் தூக்கினாள், அது சரியான கொடி. பந்து அடிக்கப்படும் நொடியில், முன்னே நிற்பவனுக்கும் கோலுக்கும் நடுவே எதிரணிக்காரர் இரண்டு பேராவது இருக்க வேண்டும், ஒருவன்தான் இருந்தான். ஆனால் மூவாயிரம் பேர் ஊளையிட்டார்கள், கடலைப் பொட்டலம் வந்து அவள் தோளில் விழுந்தது, அவளுடைய சொந்த மாமன் லீனஸ் கொடியை இறக்கச் சொல்லி எல்லாருக்கும் கேட்கும்படி, "தாத்து பிள்ளே கொடிய! துணி காயப்போட வந்தியா?" என்றார். அந்தச் சிரிப்பு இடைவேளை வரைக்கும் ஓயவில்லை.

எண்பத்தொன்பதாவது நிமிடத்தில் பின்னாலிருந்து பந்து அடிக்கப்பட்டபோது கிளீட்டஸுக்கும் கோலுக்கும் நடுவே ததேயு ஒருவன்தான் இருந்தான். அரை அடிதான், ஆனால் அவள் தெளிவாகப் பார்த்தாள். கோட்டில் அவள் நின்ற இடத்துக்கு நேரே கிளீட்டஸின் முழங்கால் இருந்தது, கடைசித் தடுப்பாட்டக்காரனின் குதிகால் அதற்குப் பின்னால் இருந்தது. அவள் கை எழவில்லை. தோளிலிருந்து விரல்வரை அது வேறு யாருடைய கையோபோல் தொங்கியது. கிளீட்டஸ் அடித்தான், பந்து எழுந்தது, ஊர் சண்டையில் இறங்கியது, அந்தக் கூச்சலுக்கு நடுவே மாஸ்டர் மைதானத்தின் மறுகோடியிலிருந்து அவளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். சரிதானா என்று அர்த்தம். பெனிட்டா தலையை ஆட்டினாள். சரிதான் என்று அர்த்தம்.

பந்தைப் பற்றி ஊர் சொன்ன காரணத்தைத்தான் அவளும் முதல் வாரம் நம்பப் பார்த்தாள். மரடோனாவா பெலேயா என்று தீர்ந்தால் இறங்கிவிடும், இறங்கினால் தீர்ந்தது. ராத்திரி தூக்கம் வராதபோதெல்லாம் அவளும் மனசுக்குள் ஓட்டுப் போட்டுப் பார்த்தாள். இரண்டாம் வாரம் புதன்கிழமை, வியர்வை நாற்றம் அடிக்கிறது என்று கொடியைச் சோப்புப் போட்டுத் துவைத்து, கொல்லைக் கொடிக்கயிற்றில் போட்டாள். கடற்காற்று வந்து கொடியைத் தூக்கியது. ஏதோ தோன்றி அவள் மேற்கே பார்த்தாள். வீடுகளின் ஓட்டுக்கு மேலே, தென்னைகளுக்கு மேலே, பந்து நடுங்கிக்கொண்டிருந்தது. காற்று விழுந்தது, கொடி தொங்கியது, பந்து அசையாமல் நின்றது. காற்று எழுந்தது, கொடி எழுந்தது, பந்து நடுங்கியது.

அவள் ஈரத்தோடு கொடியை இழுத்துச் சுருட்டி அரிசிப் பானைக்குள் அமுக்கினாள். சோற்றில் இரண்டு நாள் சோப்பு வாசனை அடித்தது.

"என்ன கழுதயடி இது, அரிசிக்குள்ள?" என்றாள் எலிசா.

"பூச்சி வராம இருக்கதுக்கு, அம்மா."

"படிச்சவ சொன்னா சரிதான்," என்று எலிசா மறுபடி உலை வைத்தாள்.

அன்றிலிருந்து பெனிட்டாவுக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கடைக்குப் போனால் கடையிலிருந்து பந்து தெரிந்தது, கோயிலுக்குப் போனால் வலப்பக்கச் சன்னலில் தெரிந்தது, குனிந்து நடந்தால் அதன் நிழல் காலுக்கு முன்னால் வந்து விழுந்தது. அவள் எண்ணிப் பார்த்தாள்: கொடியைத் தூக்கினால் பந்து இறங்கும், கிளீட்டஸின் அடி இல்லையென்றாகும், ஊர் தன் வாழ்நாளில் கண்ட ஒரே பெரிய விஷயத்தை ஒரு பெண்பிள்ளை துடைத்துப் போட்டாள் என்றாகும், அம்மாவிடம் யாரும் மீன் வாங்க மாட்டார்கள், தப்பான கொடி பிடித்தவளுக்கு நடுவர் தேர்வில் என்ன வேலை என்று கேட்பார்கள். தூக்காவிட்டால் ஒன்றும் ஆகாது. பந்து நிற்கும், ஊர் பேசும், அவள் இப்படியே எழுந்து நடந்துகொண்டிருப்பாள்.

ஒன்றும் ஆகாது என்பதும் உண்மையில்லை. ததேயு இருந்தான். மற்றவர்கள் ஞாயிறு மட்டும் நின்றார்கள், அவன் நாள்தோறும் நின்றான். "நான் அந்தப் பக்கம் போன நேரம் பாத்து எறங்கிச்சுன்னா? எனக்க ஊரு என்னைக் கொன்னுபோடும்," என்று கோல் கம்பத்துக்குள்ளேயே பாய் விரித்துவிட்டான். எதிரி ஊர்க்காரன் என்றாலும் புத்தாழித்துறைப் பெண்கள் அவனுக்குப் புட்டும் மீன்குழம்பும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள், குழம்பில் உப்புக் கூடினால் அவன் உரிமையோடு குறை சொன்னான். இருபதாம் நாள் நெடும்பாறையில் அவன் மனைவிக்குப் பெண்குழந்தை பிறந்தது. ஐந்து மைல் தூரம், அவன் போகவில்லை. முப்பத்தோராம் நாள் அவள் குழந்தையைத் துணியில் பொதிந்து ஆட்டோவில் கொண்டுவந்தாள். அவன் ஒரு கண்ணைப் பந்தில் வைத்துக்கொண்டு மறு கண்ணால் மகளைப் பார்த்தான்.

"ஞானஸ்நானம் எப்பம்?" என்று அவள் கேட்டாள்.

"இது எறங்கட்டு."

"எறங்கல்லன்னா?"

அவன் மறு கண்ணையும் பந்துக்குக் கொண்டுபோனான். தண்ணீர்க் குடத்தோடு அந்தப் பக்கம் வந்த பெனிட்டா அதைக் கேட்டாள், குடத்தை இறக்கி வைத்தாள், மறுபடி தூக்கினாள், எதற்கு வந்தோமென்று மறந்து வீட்டுக்குத் திரும்பினாள்.

கிளீட்டஸும் நன்றாக இல்லை. அவனைப் பார்க்க வெளியூரிலிருந்து ஆட்கள் வந்தார்கள், அவன் இடது காலைத் தொட்டுப் பார்த்தார்கள், ஒரு கிழவி தன் பேரனின் சூம்பிய காலை அவன் கால்மேல் வைத்துச் செபித்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அவன் ஒரு பந்தையும் உதைக்கவில்லை. கரையில் தேங்காய்ச் சிரட்டை கிடந்தால்கூடச் சுற்றிக்கொண்டு நடந்தான். முப்பத்தாறாம் நாள் காலையில், எலிசா சந்தைக்குப் போன நேரம், கொல்லைப்புறமாக வந்து நின்றான்.

"பெனிட்டா, ஒண்ணு கேக்கட்டா?"

"என்ன?"

"அண்ணைக்கு நான் சரியாத்தான நின்னேன்?"

அவள் கையிலிருந்த அரிவாள்மனையையும் பாதி அரிந்த வெங்காயத்தையும் பார்த்தாள். "எனக்கு நெனவில்ல," என்றாள்.

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு, "சரி, நெனவில்லன்னா விடு," என்று போய்விட்டான். அவளுக்கு வெங்காயம் முழுவதும் அரிந்து முடித்தபிறகும் கண்ணீர் நிற்கவில்லை.

நாற்பத்திரண்டாம் நாள் ஆண்டவர் விண்ணேற்றப் பெருவிழா. இன்றைக்குப் பந்து ஒரேயடியாக மேலே போய்விடும் என்று சிலர் பந்தயம் கட்டியிருந்ததால் மைதானத்தில் இரண்டு ஊரும் நிறைந்திருந்தது. இருபத்திரண்டு பேரும் அவரவர் இடத்தில் நின்றார்கள். மாஸ்டர் கறுப்புச் சட்டையோடு நடுவில் நின்றார். பெனிட்டா கோட்டருகே நின்றாள், கொடி காலோடு ஒட்டியிருந்தது. மணல்மேட்டில் லீனஸ் மைக்கைப் பிடித்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

பத்றோஸ் கீழேயிருந்து எழுந்தார். "ஓய் லீனஸ், எல்லாம் பேசினே, அந்தக் கையப் பத்திப் பேசினியா? கையால தட்டிக் கோலு போட்டவனுக்கப் பேரு உனக்குப் பெரிய ஆட்டக்காரனா?"

"வந்துட்டான்யா! நாப்பது வருசமா இவனுக்கு இந்த ஒரு கை போதும்."

"கை பட்டுதா இல்லியா? உனக்க மனசாட்சியத் தொட்டுச் சொல்லு."

"பட்டுது! பட்டா என்ன? ரெஃப்ரி விசில் அடிச்சானா? கோட்டுல ஒருத்தன் நின்னான்லா, அவனுக்க கொடி ஏறிச்சா? ஏறல்ல. கொடி ஏறல்லன்னா அது கோலு. உலகமே பாத்தாலும் கோலு. அவ்வளவுதான் சட்டம்!"

மைக் அந்தக் கடைசி வாக்கியத்தைக் கடல்வரைக்கும் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தது. கைதட்டல் எழுந்தது. பெனிட்டா அந்தக் கோட்டில் நின்ற மனிதனை நினைத்தாள். அவன் பெயர் அவளுக்குத் தெரியாது. அவன் பார்க்காமல் இருந்திருக்கலாம், நிஜமாகவே பார்க்காமல் இருந்திருந்தால் அவன் நன்றாகத் தூங்கியிருப்பான். நான் பார்த்தேன், என்று நினைத்தாள். நான் பார்த்தேன், நான் பார்த்தேன். ததேயு ஒற்றைக் கண்ணால் குழந்தையைப் பார்த்தது நினைவுக்கு வந்தது. அவள் கை எழுந்தது.

முதலில் யாரும் கவனிக்கவில்லை. பேச்சு போய்க்கொண்டேயிருந்தது. கொடியை நேராகத் தலைக்குமேல் பிடித்தபடி அவள் நின்றாள், இடக்கையால் முழங்கையைத் தாங்கிக்கொள்ளலாமா என்று தோன்றியது, அப்படிச் செய்யக் கூடாது என்று படித்திருந்ததால் செய்யவில்லை. மேலே பந்து நடுங்குவதை ததேயு பார்த்தான். ததேயு பார்த்த பக்கத்தை மாஸ்டர் பார்த்தார், பிறகு கோட்டுப் பக்கம் திரும்பினார். மெல்ல மெல்ல மணல்மேடு ஒவ்வொரு வரிசையாக வாயை மூடியது. கடைசியில் லீனஸ் மைக்கோடு தனியாக, "அதனால நான் என்ன சொல்லுதேன்னா..." என்று இழுத்து, மருமகளைப் பார்த்து நிறுத்தினார்.

"தாத்து பிள்ளே," என்றார் மைக்கில். அவர் குரலில் இம்முறை சிரிப்பு இல்லை.

"தாத்த மாட்டேன், மாமா," என்றாள் பெனிட்டா. அவளிடம் மைக் இல்லை, ஆனாலும் எல்லாருக்கும் கேட்டது. "அது ஆஃப்சைடு. அரை அடி. நான் அண்ணைக்கே கண்டேன். பயந்து தூக்கல்ல."

மாஸ்டர் விசிலை உதட்டில் வைத்தார், நாற்பத்திரண்டு நாளாக உள்ளே நின்றிருந்த காற்றையெல்லாம் ஊதினார். பந்து விழுந்தது. நின்ற பந்து விழுவதுபோல் இல்லை, அடிக்கப்பட்ட பந்து அந்த நொடியில்தான் உச்சியைத் தொட்டதுபோல வளைந்து, சுழன்று, காற்றை அறுத்துக்கொண்டு இறங்கியது. ததேயு பின்னால் ஓடினான், எம்பினான், விரலுக்கு எட்டவில்லை. பந்து இடது மூலையில், கம்பத்துக்கும் குறுக்குக்கட்டைக்கும் நடுவே ஒரு பந்து மட்டும் நுழையும் இடத்தில் நுழைந்து வலையில் விழுந்தது. அவ்வளவு அழகாக ஒரு பந்து கோலுக்குள் போய் அந்தக் கரையில் யாரும் கண்டதில்லை. அது கோல் இல்லை. கொடி மேலே இருந்தது.

மாஸ்டர் அவளைப் பார்த்தார். பெனிட்டா கொடியை இறக்கித் தரைக்கு இணையாக நீட்டினாள். ஆஃப்சைடு நடந்தது மைதானத்தின் நடுப்பகுதியில் என்று அர்த்தம், அங்கிருந்து நெடும்பாறைக்கு ஃப்ரீகிக்.

ஊர் வலையைப் பார்த்தது, கொடியைப் பார்த்தது. பிறகு கடலைப் பொட்டலம் வந்தது, செருப்பு வந்தது, "வெளியே போடி!" என்று வந்தது, "அரை அடியா? அந்தத் தூரத்துலருந்து அரை அடி எப்படித் தெரியும்?" என்று வந்தது. எலிசா கூட்டத்திலிருந்து எழுந்து, செருப்பு எறிந்தவன் யாரென்று பார்த்து, அவனுடைய மற்றச் செருப்பையும் கேட்டாள். பத்றோஸ், "பிள்ள சொன்னது சரிதான்," என்று தொடங்கி, அப்படிச் சொன்னால் பெலேக்கு நன்மையா தீமையா என்று தெரியாமல் உட்கார்ந்தார். லீனஸ் மைக்கை அணைத்துவிட்டு மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளீட்டஸ் கோட்டருகே வந்தான். அடிக்கத்தான் போகிறான் என்று நினைத்து இரண்டு பேர் பின்னால் வந்தார்கள்.

"நானும் கண்டேன்," என்றான் அவன், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. "எனக்கு முன்னால ததேயு ஒருத்தன்தான். உனக்க கொடி ஏறும், விசில் அடிக்கும், இது கணக்குல சேராதுன்னு நெனச்சுத்தான் அடிச்சேன். சேரும்னு தெரிஞ்சிருந்தா எனக்க காலு அப்படிப் பொங்கியிருக்காது."

"அப்ப ஏன் சொல்லல்ல?"

"நீ சொல்லல்ல."

அவன் சிரித்தான். நாற்பத்திரண்டு நாளில் முதன்முறையாக அவன் கால் தானாக ஒரு சிரட்டையை எத்தியது. அவன் தன் இடத்துக்கு ஓடினான்.

மாஸ்டர் கைக்கடிகாரத்தை ஓடவிட்டார். ஒரு நிமிடம் பாக்கி. நெடும்பாறை ஆள் ஒருவன் பந்தை மணலில் வைத்தான், பின்னால் நடந்துபோனான், ஓடிவந்து ஓங்கி உதைத்தான். பந்து மேலே எழுந்தபோது மூவாயிரம் பேரும் பேச்சை விட்டு, மூச்சை விட்டு, அண்ணாந்து பார்த்தார்கள். யாரும் பக்கத்திலிருந்தவன் முகத்தைப் பார்க்கவில்லை, யாரும் ஒரு பெயரும் சொல்லவில்லை. பந்து ஒரு தென்னை உயரம் போனது, இரண்டு தென்னை உயரம் போனது, ஒரு கணம் தயங்கியதுபோல இருந்தது, பிறகு எல்லாப் பந்தையும்போல இறங்கத் தொடங்கியது. மைதானம் முழுவதும் ஒரே பெருமூச்சு கேட்டது.

பெனிட்டா அதைப் பார்க்கவில்லை. அவள் கடைசித் தடுப்பாட்டக்காரனின் குதிகாலைப் பார்த்தபடி, கொடியைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு, கோட்டோரமாக ஓடிக்கொண்டிருந்தாள்.